மூடிய கம்பெனிகளையும் எண்ணு, பாப்பா

பேரணாம்பட்டு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் நலமும் அறிய ஆவல்.

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பேச வராதது எழுத வரும். முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை இது.

"உங்க பொண்ணு அங்கே பேராசிரியராகி ஏழு வருஷம் ஆச்சே, இப்ப என்ன புதுசா நிரந்தரம்?" என்று தெருவில் கேட்கிறார்கள். நான் விளக்கிவிட்டேன். முதலில் உதவிப் பேராசிரியராக எடுப்பார்கள். ஆறேழு வருஷம் நீ எழுதிய ஆய்வுகளைப் பார்ப்பார்கள். உன்னோடு சேர்ந்து எழுதாத வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் உன்னைப் பற்றி எழுதி வாங்குவார்கள். அதற்குப் பிறகு துறையில் ஓட்டு. தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஒரே கட்டுரையைத் திருத்து, திருத்து என்று மூன்று வருஷம் உனக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது நீ அம்மாவிடம் அழுததை எனக்குச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆராய்ச்சி நம்ம ஊர்த் தோல் தொழிலைப் பற்றி என்று சொன்னாய். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றி, யார் புது முறையை முதலில் எடுத்தார்கள், எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று பார்க்கப் போகிறாய். பெரிய ஏற்றுமதிக்காரர்களிடம் பேட்டிக்கு நேரம் வாங்கித் தரச் சொன்னாய். தருகிறேன். ஆனால் அவர்களோடு நிறுத்திவிடாதே. தொழில் தொடங்குபவர்களைப் பற்றி ஆராயும் உங்கள் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு இது என்று நீயே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஜெயித்தவனைக் கேட்டால் துணிந்து கடன் வாங்கினேன், அதனால் வளர்ந்தேன் என்பான். அதே கடனை அதே துணிச்சலோடு வாங்கிப் படுத்துப் போனவன் பட்டியலிலேயே இருக்க மாட்டான். அப்புறம் துணிச்சல்தான் காரணம் என்று எழுதிவிடுவார்கள்.

அப்படிப் பட்டியலில் இல்லாத ஆள் உன் அப்பா. இதை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை.

1986-இல் நானும் பாய் மாமாவும் சேர்ந்து சின்னதாக ஒரு டேனரியை, அதாவது தோல் பதனிடும் கூடத்தை, குத்தகைக்கு எடுத்தோம். தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம் இரண்டு, நாலு சுண்ணாம்புக் குழி, பதினோரு ஆட்கள். அதற்கு முன்னால் நான் வாணியம்பாடியில் கணக்கு எழுதினேன், அவர் பெரியமேட்டு மண்டியில் தோல் தரம் பிரித்தார். தோலை விரலில் மடித்துப் பார்த்தே அது எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவார். நம்ம பக்கம் முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். எழுபதுகளில் பாதி பதமான தோலை ஏற்றுமதி செய்ய அரசாங்கம் கட்டுப்பாடு போட்டு, முழுசாக முடித்த தோலை அனுப்பச் சொன்னது. அதிலிருந்து எல்லோரும் பட்டையை விட்டுக் குரோம் உப்புக்குப் போனார்கள். டிரம்மில் ஒரு நாள் ஓடினால் தோல் வெளிர் நீலமாக வெளியே வரும். முதல் தடவை அந்த நீலத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையில் எடுத்தால் ஈரத் துணி மாதிரி குளிர்ச்சியாக இருக்கும்.

சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியரைப் பற்றி நீ ஒரு பொங்கலுக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? தொழிலில் ஊறிய 27 பேரிடம் ஒரே மாதிரிக் கணக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாராம். அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்று ஆரம்பிக்கவில்லை, எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்தார்கள் என்றாய். நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. காரணம், 1986-இல் பாய் மாமா என்னிடம் சொன்னது அதேதான். "இது மொத்தமும் போனாலும் ரெண்டு வீட்டிலயும் உலை கொதிக்கணும். அவ்ளோதான் போடணும்." அந்தக் கணக்கை நாங்கள் ஏழு வருஷம் மீறவில்லை.

1989 கடைசியில் ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நாங்கள் போட்ட பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது. நாங்கள் நேரடியாக ஏற்றுமதி செய்தவர்கள் இல்லை, பெரிய கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்தவர்கள். ஆனாலும் சரக்கு எங்களிடம்தான் திரும்பி வந்தது. உள்ளங்கை அளவுத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த டிரம், எந்தத் தேதி என்று எழுதிக் கட்டி, டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். ஆம்பூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். அப்படி எத்தனை தடவை போனேன் என்று நோட்டில் இருக்கிறது. மருந்தை மாற்றினோம். பழைய மருந்து டிரம் மரத்திலேயே ஊறிக் கிடந்ததால் புது மருந்து போட்டும் சோதனையில் பழையது தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது எங்கள் டிரம் ஆள், பள்ளிக்கூடமே போகாதவர். மரத்தை முகர்ந்து பார்த்துச் சொன்னார். கழுவிக் கழுவி விட்டோம், அதற்குப் பிறகுதான் சோதனையில் தேறினோம். புத்தாக்கம் என்ற சொல்லை நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் அந்த டிரம்முக்குள் தலையை விட்டு நின்றதுதான் நினைவுக்கு வருகிறது.

அதில் ஜெயித்ததும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. 1993-இல் சாயம் போட்டு முடிக்கும் வேலையையும் எடுத்தோம். பாய் மாமாவின் கணக்கை மீறியது அப்போதுதான். அம்மாவின் நகையை அடகு வைத்தேன், அவர் வீட்டுப் பத்திரத்தை வைத்தார். அடுத்த வருஷமே ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது. வாங்கி அடுக்கியிருந்த சாயத்தில் பாதி ஏற்றுமதிச் சரக்குக்கு உதவாமல் போனது.

அப்புறம் 1996 ஆகஸ்ட் 28. டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டுச் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டம் படிக்கிற பிள்ளைகளெல்லாம் இன்றைக்கும் படிக்கிறார்கள். டேனரி ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தைக் கலெக்டர் ஆபீசில் கட்ட வேண்டும், நவம்பர் 30-க்குள் தனியாகவோ பொதுவாகவோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். அபராதத்தைக் கட்டினோம். பொது நிலையத்தில் பங்கு போட எங்களிடம் பணம் இல்லை. அதெல்லாம் சாயத்தில் போய்விட்டிருந்தது.

தீர்ப்பு தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், பாப்பா. பெரியப்பா கிணற்றில் தண்ணீர் உப்புக் கரித்து, தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சிறுத்துப்போனதை என் கண்ணால் பார்த்தவன் நான். தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போயிற்று என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. என் அண்ணன் நிலத்தைக் கெடுத்ததில் என் டிரம் தண்ணீரும் உண்டு. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. நீ எழுதும்போது இதையும் எழுது.

டிசம்பர் முதல் வாரம் ஒரு மத்தியானம் பாய் மாமா மோட்டாரை நிறுத்தினார். டிரம் உடனே நிற்காது. தன் பாரத்தில் இன்னும் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்கும்வரை ஒருவரும் நகரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "என்னப்பா, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டே?" என்று கேட்டாய். உனக்கு ஒன்பது வயசு.

2025-இல் பொருளாதார நோபல் பரிசு மோக்கிர், அகியோன், ஹவிட் மூவருக்கும் கிடைத்ததைப் பேப்பரில் படித்தேன். ஆக்கபூர்வ அழிவு என்று ஷும்பீட்டர் என்ற பழைய பொருளாதார அறிஞர் சொன்னதைப் பின்னவர் இருவரும் கணிதமாக எழுதினார்கள் என்று நீ விளக்கினாய். புதியது வரும்போது பழையது அழியும், அப்படித்தான் நாடு வளரும் என்கிறார்கள். நம்ம ஊரைப் பார்த்தால் உண்மைதான். டேனரிகள் பெரிதாயின, ஷூ கம்பெனிகள் வந்தன, வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் ஆம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லில் அழிவு என்ற பாதியைப் பற்றி யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார்களா? நீ எழுது. வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவசரமாகக் கட்டுரை போட வேண்டியதில்லை. நாலு வருஷம் ஆகும் கேள்வியை இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பாய்?

மூடியவர்கள் ஏற்றுமதியாளர் டைரக்டரியில் கிடைக்க மாட்டார்கள். கணக்குப் பிள்ளை யோசனை ஒன்று சொல்கிறேன். ரசாயனக் கடைக்காரர்களின் பழைய கடன் நோட்டைக் கேள். யார் எந்த மாதம் வாங்குவதைக் குறைத்தார்கள், எந்த மாதம் நிறுத்தினார்கள் என்று அதில் இருக்கும். டேனரி சாகப்போவது அதன் சொந்தக்காரனுக்கு முன்னால் கடன் கொடுத்தவனுக்குத் தெரியும். பழைய பேப்பரில் பேங்க் ஏல விளம்பரங்களைப் பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டீக்கடையில் உட்காருபவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் டிரம் வைத்திருந்தவர்கள். பாய் மாமாவின் மகன் உன்னைக் கூட்டிப் போவான், நான் சொல்லிவிட்டேன். பெண்களிடம் தனியாகப் பேசு. அடகு வைத்த நகை எத்தனை பவுன் என்று ஆண்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தாவின் தேனீ வலைப்பின்னல் பற்றி நீதான் சொன்னாய். தேனீ பூவிலிருந்து எடுத்தாலும் பூ ஏழையாவதில்லை என்பதால் அந்தப் பெயர், மக்களிடம் கற்றதை அவரவர் பெயரோடு அவரவர் மொழியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி என்றாய். கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது. நீயும் முடித்ததும் இங்கே வந்து தமிழில் சொல். கல்யாண மண்டபத்தை நான் பிடிக்கிறேன். மூடியவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

வரும்போது அம்மாவுக்கு முழங்காலுக்குக் கட்டும் பட்டை ஒன்று வாங்கி வா. சென்னையில் சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஆம்பூரில் இறங்கலாம், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

1986 முதல் 1996 வரைக்குமான நோட்டுகள் பத்தும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கரையான் அரிக்காமல் வருஷா வருஷம் வெயிலில் காயப்போட்டு வைத்திருக்கிறேன். கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு பேர் பெயரும், எதிரே நாங்கள் கொடுத்த கூலியும் எழுதியிருக்கிறேன். மூன்று பேருக்குப் பாக்கி நின்றது. இரண்டு பேருக்கு அப்புறம் கொடுத்து டிக் அடித்துவிட்டேன். மூன்றாவது ஆள் டிரம்மை முகர்ந்து பார்த்துச் சொன்னவர். 1997-லேயே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார், திருப்பூர் பக்கம் என்றார்கள். அவர் பெயருக்கு எதிரே 1,840 ரூபாய் இன்னும் அப்படியே நிற்கிறது. உன் பேட்டிகளை அவரைத் தேடுவதிலிருந்து ஆரம்பி. நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா