படிக்காமல் போட்ட கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2011 முதல் 2016 வரை எங்கள் ஊராட்சியில் துணைத் தலைவராக இருந்தேன். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் செக்கில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தவறினால் இன்னொருவர் கேட்பார் என்றுதான் இரண்டு கையெழுத்து. முதல் ஆறு மாதம் நான் கேட்கவே இல்லை. தலைவரும் பெண்தான். ஆனால் செக் புத்தகத்தைக் கொண்டுவருவது அவர் வீட்டுக்காரர். நான் அடுப்படியில் இருப்பேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் போடுவேன். தொகைகூட எழுதியிருக்காது.

ஒரு நாள் 40 டியூப் லைட் மாற்றியதாக பில் வந்தது. அன்று ராத்திரி மகனைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எண்ணினேன். புதிதாக எரிந்தது 23. காலனிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் இருட்டில்தான் குழாயடிக்குப் போய்வந்தார்கள். மறுநாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கக்கா" என்று பத்து நாள் வாசலுக்கு ஆள் வந்தது. லைட் வேணும் என்றேன். அப்புறம் மீதி 17-ம் வந்தது. அதற்கு முன் நான் கையெழுத்துப் போட்ட பணமெல்லாம் எந்த வேலைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்தது. பாதி இடம் பெண்களுக்கு என்பதால், அடுத்து வருகிறவர்களில் என்னைப் போல் முதல்முறை பதவிக்கு வரும் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதிகாரிகளே, பயிற்சி என்று அவர்களைக் கூப்பிட்டு வெறும் திட்டங்களின் பெயரைச் சொல்லி அனுப்பாதீர்கள். சாக்கடை கட்டிய ஒரு நிஜ பில்லைக் கையில் கொடுத்து, அந்தச் சாக்கடையை அளந்து பார்க்கக் கூட்டிப்போங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினால் அது சபை ஆகாது. பில்களைச் சபையில் வைத்து, எதை நேரில் பார்த்தோம் என்று உறுப்பினர்கள் எழுந்து சொல்லட்டும்.

இப்போது செக் போய் ஆன்லைன் வந்துவிட்டது. டிஜிட்டல் கையெழுத்துக் கருவியும் ஓடிபி வரும் போனும் ஜெயித்த பெண்ணின் கையில் இருக்கிறதா, வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கிறதா என்று ஒன்றிய அதிகாரிகள் முதல் கூட்டத்திலேயே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர்,
திருவாரூர் மாவட்டம்.