கம்பியைக் கழற்றிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லுக்குக் கிளிப் போடுவது பற்றிய உங்கள் கட்டுரையில் எந்த வயதில் போடலாம், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. போட்டு முடித்த பிறகு எவ்வளவு பலன் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை விட்டுவிட்டீர்கள்.

என் மகளுக்கு இரண்டரை வருஷம் கம்பி இருந்தது. கழற்றிய அன்று கையில் கண்ணாடியைக் கொடுத்து, "சூப்பரா இருக்கு, பாருங்க" என்றார்கள். சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தோம். பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரை ராத்திரியில் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஒரே வருஷத்தில் கீழ் முன்பற்கள் மறுபடியும் நெருக்கிக்கொண்டன. திரும்பப் போய்க் கேட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பத்தில் எடுத்த பல் அச்சுகூட அவர்களிடம் இல்லை.

பிரிட்டனில் சிகிச்சையின் பலனை அளக்கவென்றே 'பார்' (PAR, Peer Assessment Rating) என்ற மதிப்பெண் முறை உண்டு. 1992-இல் வெளியானது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அச்சுகளைத் தனி அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். பற்கள் ஒழுங்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு மதிப்பெண் ஏறும், பூஜ்யம்தான் சிறந்தது. முன்பல் துருத்தலுக்கான மதிப்பெண்ணை 6-ஆல் பெருக்குவார்கள், மேல், கீழ் பல்வரிசைகளின் நடுக்கோடு விலகலுக்கு 4-ஆல். மொத்தத்தில் 30 சதவீதமாவது குறைந்தால்தான் 'முன்னேற்றம்'. 22 மதிப்பெண் குறைந்தால் 'பெரிய முன்னேற்றம்'. ஆரம்பத்திலேயே 15 மதிப்பெண்தான் என்றால் 22 எப்படிக் குறையும்? அந்தப் பிள்ளைக்குக் கம்பி எவ்வளவு அவசியம் என்ற கேள்வியையும் இந்தக் கணக்கே எழுப்பிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

சரி, இதிலும் குறை இருக்கிறது. கம்பி ஒட்டிய இடத்தைச் சுற்றி விழும் வெள்ளைத் திட்டுகளோ, பல்வேர் குட்டையாவதோ இந்த மதிப்பெண்ணில் வராது. கழற்றிய அன்று அளந்ததோடு நிறுத்திக்கொண்டால், என் மகளுக்கு நடந்ததும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து இன்னொரு முறை அளந்தாக வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, நம் ஊர் மருத்துவர்களிடம் இதைக் கேட்டு எழுதுங்கள். முன், பின் அச்சுகளின் நகலை நோயாளியிடம் கொடுப்பதில் என்ன சிரமம்? இப்போது வாய்க்குள்ளேயே ஸ்கேன் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளும் வசதிகூட வந்துவிட்டது.

மகளுக்கு அடுத்த மாதம் வேறோர் இடத்தில் மறுபடியும் கம்பி போடப் போகிறோம். இந்த முறை அச்சின் நகலை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு