ஹெட்டியின் பெயரைச் சொன்ன மேரி பிரின்ஸ் அவர்களுக்கு

மதிப்புக்குரிய அம்மா,

1831இல் லண்டனில் அச்சான, அடிமையாகப் பிறந்த உங்கள் வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதில் நீங்கள் மறக்காமல் சொல்லியிருக்கும் பெயர்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

அட்லாண்டிக் தீவான பெர்முடாவில், கட்டு அவிழ்ந்துபோன ஒரு பசுவுக்காக, உங்களோடு அடிமையாக இருந்த கர்ப்பிணி ஹெட்டியை மரத்தில் கட்டிவைத்து அடித்தார் உங்கள் எசமானர். குழந்தை இறந்தே பிறந்தது. பிறகு ஹெட்டியும் இறந்தாள். டர்க்ஸ் தீவின் உப்பளத்தில், கால் விளங்காத கிழவர் டேனியல் வேகமாக வேலை செய்யவில்லை என்று தோலுரிய அடிபட்டார். காயத்தின் மேல் வாளி உப்பைக் கொட்டினார்கள். சாரா என்ற மூதாட்டியை முதலாளியின் மகன் அடித்து, சப்பாத்திக்கள்ளிப் புதரில் தூக்கி எறிந்தான். முள் தைத்த உடம்பெல்லாம் சீழ் பிடித்து, சில நாளில் அவர் உயிர் போயிற்று. நீங்களும் அதே உப்பளத்தில் விடியற்காலை 4 மணிக்கே முழங்கால் அளவு நீரில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் கால்கள் புண்ணாகக் கிடந்தவர். அப்படியிருந்தும் உங்கள் கதையைச் சொல்ல வாய்த்தபோது, அவர்கள் கதையையும் சேர்த்தே சொன்னீர்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

1828இல், அப்போது உங்கள் எசமானர்களாக இருந்த ஜான் வுட் குடும்பத்தார் உங்களைக் கரீபியன் தீவான ஆண்டிகுவாவிலிருந்து லண்டனுக்குக் கூட்டிவந்தார்கள். வாதநோயால் வீங்கிய உடம்போடு மூட்டை மூட்டையாகத் துணி துவைக்கச் சொன்னார்கள். முடியாது என்றால், வெளியே போ என்றார்கள். போக்கிடம் இல்லாதவள் எங்கே போய்விடுவாள் என்ற துணிச்சல் அவர்களுக்கு. நீங்கள் போயேவிட்டீர்கள்.

இங்கிலாந்தில் உங்களை யாரும் பிடித்து இழுத்துப்போக முடியாது. ஆண்டிகுவாவில் கால் வைத்தால் மறுபடியும் அடிமை. அதே ஆண்டிகுவாவைச் சேர்ந்த கிரேஸ் என்ற பெண், இங்கிலாந்து வந்து திரும்பியதால் மீண்டும் அடிமையே என்று 1827இல்தான் லண்டனில் தீர்ப்பாகியிருந்தது. உங்கள் கணவர் டேனியல் ஜேம்ஸ் இருந்ததோ ஆண்டிகுவாவில். விலை கொடுத்து உங்களை விடுவிக்க மற்றவர்கள் முன்வந்தும் வுட் மறுத்துவிட்டார். சவுக்கடியை விடவும் இந்த மறுப்புதான் எனக்கு அதிக ஆத்திரமூட்டுகிறது.

இந்த நிலையில்தான் நீங்கள் பேசினீர்கள். 1829இல் உங்கள் விடுதலை கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனு போயிற்று. பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல சூசன்னா ஸ்டிரிக்லண்ட் எழுதினார்; அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் பதிப்பித்தார். அடிமைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், விடுதலையை அவர்களே கேட்கவில்லை என்று பேசித்திரிந்தவர்களுக்கு, நான் அடிமையாக இருந்தவள், அவர்கள் மனம் எனக்குத் தெரியும் என்று பதில் கொடுத்தீர்கள். அந்தச் சொல் போதவில்லை. முதுகைத் திறந்து தழும்புகளைக் காட்ட வேண்டியிருந்தது. 1833இல் பிரிங்கிள் மீது வுட் தொடுத்த அவதூறு வழக்கில் நீங்கள் சாட்சி சொன்னபோது உங்கள் அந்தரங்கத்தைத் துருவினார்கள். வழக்கில் வென்றவர் வுட்.

அதே ஆண்டில் பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 2 கோடி பவுண்டு இழப்பீடு உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பண்ணையடிமைகள் 1843 வரை தங்களுக்கென ஒரு சட்டத்துக்குக் காத்திருந்தார்கள். அது வந்த பிறகும் பண்ணையடிமை முறை நெடுங்காலம் தொடர்ந்தது.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்குப் பிறகு ஆவணங்களில் உங்கள் தடம் இல்லை. ஆனால் 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆண்டிகுவா, விடுதலைக்குப் பிறகும் பழைய எசமானரிடமே சில ஆண்டுகள் உழைக்கவைக்கும் இடைக்காலப் பயிற்சி என்ற இழுத்தடிப்பு இல்லாமல், எல்லோரையும் உடனே விடுவித்தது. அதன் பிறகு உங்களை அங்கே அடிமை என்று உரிமை கொண்டாட வுட்டால் முடியாது. நீங்கள் கப்பலேறிக் கணவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி