ஹைடனை 380 ரன்னை வைத்து மட்டும் அளக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இடதுகைத் தொடக்க ஆட்டக்காரர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹைடனுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அதிலும் பாதி, 2003 அக்டோபரில் பெர்த்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக அவர் எடுத்த 380 பற்றியது. எதிரணி பலவீனம், ஆள் பலசாலி, அடித்துத் தள்ளிவிட்டார் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். இது நியாயமாகப் படவில்லை.

380 பெரிய சாதனைதான். டெஸ்டில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன்னாக இருந்த, வெஸ்ட் இண்டீஸ் வீரர் லாராவின் 375-ஐத் தாண்டிய ஆட்டம். ஆறே மாதத்தில் லாரா 400 அடித்து அந்தச் சாதனையைத் திரும்பப் பிடித்தார். ஆனால் ஹைடனைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய வருடங்களைப் பார்க்க வேண்டும். 1994-ல் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். 1997-ல் அடிலெய்டில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 125. அதே ஆண்டு அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள்; அடுத்த டெஸ்டுக்கு 2000 வரை காத்திருந்தார். தன் மாநிலமான குயின்ஸ்லாந்துக்காக ரன் குவித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனாலும் கதவு திறக்கவில்லை. 2001-ல் இந்தியாவுக்கு வந்தபோது வயது 29, கையில் இருந்தது அந்த ஒரே டெஸ்ட் சதம்.

அந்தத் தொடர் என்றதும் நமக்கு லட்சுமணின் 281-ம் ஹர்பஜனின் 32 விக்கெட்டும்தான் ஞாபகம் வரும். அதே ஹர்பஜனை எதிர்த்து மூன்று டெஸ்டில் ஹைடன் எடுத்தது 549 ரன். மும்பையில் 99-க்கு 5 என்று தடுமாறிய அணியை கில்கிறிஸ்டோடு சேர்ந்து கரையேற்றி 119. கொல்கத்தாவில் 97, 67. நம் சேப்பாக்கத்தில் 203. அணியின் மொத்தமே 391. அவருடைய சக ஆட்டக்காரர் பாண்டிங் அந்தத் தொடர் முழுக்க எடுத்தது 17 ரன் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெறும் பலத்தால் நடந்த காரியமா இது? ஆஃப் ஸ்பின்னர் போடும் பந்து இடதுகைக்காரரை விட்டு வெளியே திரும்பும். அதை லெக் பக்கம் ஸ்வீப் அடிப்பது, அதாவது மட்டையைக் கிடையாக வீசிப் பெருக்குவதுபோல் அடிப்பது, சுழலுக்கு எதிராகப் போவது; கொஞ்சம் பிசகினாலும் பந்து மட்டையின் மேல் விளிம்பில் பட்டு எழும்பும் டாப் எட்ஜ். ஹைடன் முன்காலை நீட்டி வைத்து, பந்து குத்திய இடத்துக்கே போய்விடுவார். தரையோடும் அடிப்பார், மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கியும் அடிப்பார். இந்தப் பயணத்துக்கென்றே ஸ்வீப்பைப் பயிற்சி செய்துகொண்டு வந்தவர் அவர். எனக்குத் தெரிந்து, வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே ஸ்வீப்பை இவ்வளவு துணிச்சலாக நம்பி ஆடியதில்லை.

அவருடைய 30 டெஸ்ட் சதங்களில் 29 அந்தப் பயணம் முதல் வந்தவை.

அப்புறம், 2005 ஓவல் டெஸ்ட். இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஆஷஸ் தொடரில் அதுவரை ஒரு அரைசதம்கூட இல்லை, அணியில் இடமே ஆட்டம் கண்டிருந்தது. அங்கே தன் வழக்கமான அதிரடியை ஒதுக்கிவைத்து, 303 பந்துகள் நின்று 138 எடுத்தார். அதிரடி ஆட்டக்காரர் ஒருவர் தன் சுபாவத்தையே அடக்கி ஆடிய அந்த ஆட்டம் கட்டுரையில் இல்லாதது பெரிய குறை.

2009-ல் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக எடுத்த 572 ரன்னும், மறு ஆண்டு கொண்டு வந்த, கைப்பிடி நீண்டு அடிக்கும் பகுதி குட்டையான மங்கூஸ் மட்டையும் இங்குள்ள இளைஞர்களுக்குத் தெரியும். அதெல்லாம் அவர் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நடந்தவை. கட்டுரையின் அடுத்த பகுதியில் 2001 தொடருக்காவது தனி இடம் கொடுங்கள். சேப்பாக்கத்தில் அந்த 203-ஐ நேரில் பார்த்த வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி