உன் மகள் பக்கம்தான் நான்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதி. எனக்கும் ஒருவழியாக இரவு ஷிஃப்ட் போய்விட்டது. மறுபடி விளையாட உட்கார்கிறேன்.

மகள் ஆன்லைன் விளையாட்டில் தன் கேரக்டருக்குப் புருவம், தாடை, முடி நிறம் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறாள், லெவல் ஏறவே மாட்டேன் என்கிறாள் என்று குறைப்பட்டிருந்தாய். நான் அவள் கட்சி.

லெவல் என்பது விளையாட்டைச் செய்தவர்கள் போட்டுவைத்த பாதை. ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டையே எடுத்துக்கொள். ஒரு திறனை 99-க்குக் கொண்டுபோக 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-ஐத் தொடும்போதுதான் அதில் பாதி ஆகியிருக்கும். மிச்சம் ஏழு லெவலுக்கு இன்னொரு பாதி! அவ்வளவு பாடுபட்டு ஏறினாலும் உன் 99-உம் என் 99-உம் ஒன்றுதான். அவள் செதுக்குகிற முகம் வேறு யாரிடமும் இருக்காது.

2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? பலம் கூடுதலாக எந்தக் கவசம் கிடைத்ததோ அதைத்தான் மாட்டியாக வேண்டும். தோளில் பச்சை, காலில் ஊதா, கைக்கு ஏதோ ஒன்று. 2011 இறுதியில் டிரான்ஸ்மாக் என்ற வசதி வந்த பிறகுதான் ஒன்றின் பலத்தையும் இன்னொன்றின் தோற்றத்தையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அதே 2004-ல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸிலோ உடை முதல் நாளிலிருந்தே நம் இஷ்டம். பலம் கூட்டும் என்ஹான்ஸ்மென்ட் எதுவும் உடம்பில் தெரியாது. 2012-ல் அதை மூடியும் ரசிகர்கள் விடவில்லை. அவர்கள் நடத்திய சர்வருக்கு 2024-ல் உரிமமே கிடைத்தது. வெறும் லெவலுக்காக யாரும் இப்படிக் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் ஒருவரின் தோள் கவசத்தைப் பார்த்தே எந்த ரெய்டை (பெரிய குழுவாகச் சேர்ந்து மோதும் கடினமான சண்டை) முடித்தவர் என்று சொல்லிவிடலாம். தோற்றத்தை மாற்ற முடிந்ததும் அந்த மரியாதை குறைந்தது இழப்புதான்.

ஆனால் வளர்ச்சியும் அடையாளமும் ஒன்றாகவே இருக்க முடியும் என்று காட்டியது 1997-ன் அல்டிமா ஆன்லைன். போர்வீரன், மந்திரவாதி என்று வகுப்பு எதுவும் கிடையாது. ஒரு திறனுக்கு 100, எல்லாம் சேர்ந்து 700 புள்ளிதான் அப்போது. பின்னால் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் ஒரு குறியும் வந்தது: மேல் அம்பு, கீழ் அம்பு, பூட்டு. 700 நிறைந்த பிறகு வாள்வீச்சு ஏற வேண்டுமா, மீன்பிடிப்பதற்குக் கீழ் அம்பு வை. எதை மறக்கலாம் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அப்படி வளர்ந்த கேரக்டரைப் பார்த்தால் ஆளே தெரிந்துவிடும். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது கில்ட் வார்ஸ் 2-க்குத் திரும்பியிருக்கிறேன். 2012-ல் இருந்த உச்ச லெவல் 80, இன்றும் 80தான். பழைய அசென்டட் கியரோடு (அங்கே உச்சப் பலமுள்ள கவசமும் ஆயுதமும்) அப்படியே களத்தில் இறங்கிவிட்டேன். துரத்த எண் இல்லாததால், கவசத்தின் சாயத்தை மாற்றிப் பார்க்கவும் புதிய பில்ட் (திறன்களைச் சேர்க்கும் விதம்) ஒன்றைப் பழகவும் மனசு ஓடுகிறது.

சரி, சனிக்கிழமை ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். அவள் எந்த லெவலில் இருந்தாலும் பரவாயில்லை, கூட நான் வருகிறேன். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி