ஜன்னல் வைத்த வேன்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனிக்கு உழைத்தது போதும், இனி வயரிங் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாலதியும் சரி என்று சொல்லிவிட்டாள் என்று படித்த பிறகுதான் எனக்கு முழு நிம்மதி. இங்கே பெரியவளுக்கு இது பரீட்சை வருஷம், அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. சின்னவன் பந்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கராஜில் வேலைக்குக் குறைவில்லை, முதுகுதான் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். வாரநாளில் கேபிள் சுருளும் ஏணியும் ஏற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி, சித்ரோயன் பெர்லிங்கோ மாதிரி ஒன்றை வேனாக வாங்குவதா, குடும்ப வண்டியாக வாங்குவதா என்று கேட்டிருந்தாய். என்னிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறாய், அனுபவி.

உனக்கு வந்திருக்கும் இதே தேவை எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே பிரான்சில் தச்சருக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் வந்தது. 1951-ல் சித்ரோயன் கம்பெனி தன் 2சிவி காரின் முதுகில் ஒரு தகரப் பெட்டியை வைத்து குட்டி வேன் ஒன்றை விட்டது. 375 சிசி எஞ்சின், 9 குதிரைச் சக்தி, 250 கிலோ பாரம். மெல்லிய தகடு நெளியாமல் நிற்பதற்காகப் பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பு வைத்திருப்பார்கள். பிறகு அதிலேயே 'வீக்கெண்ட்' என்று ஒரு ரகம் வந்தது. பின்பக்கம் ஜன்னல், கழற்றி வைக்கக்கூடிய பின் இருக்கை. வாரம் முழுக்கச் சரக்கு, விடுமுறையில் குடும்பம். நீ இன்று தேடுகிற வண்டியின் தாத்தா அதுதான்.

1961-ல் வந்த ரெனோ 4 காருக்கும் ஒரு வேன் உடம்பு இருந்தது. அதில் உனக்குப் பிடிக்கும் ஒரு வேலைப்பாடு உண்டு. பின்கதவுக்கு நேர் மேலே கூரையில் ஒரு சின்ன மடல். அதைத் திறந்தால் ஏணி, குழாய் மாதிரி நீளமான சாமான்களை மேல்பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டு கீழ்க்கதவை மூடிவிடலாம். தபால்காரர்களின் மஞ்சள் வண்டியாகவும் ஜாந்தார்ம் போலீசின் நீல வண்டியாகவும் அது பிரான்சு முழுக்க ஓடியது.

அப்புறம் பல வருஷம் இதே வழிதான். சின்னக் காரை எடுத்துக்கொள், முன்கதவு வரைக்கும் அப்படியே விடு, பின்னால் பெட்டியை ஒட்டு. 1984-ல் வந்த சி15 அதில் உச்சம். முன்பாதி விசா என்கிற சின்னக் கார், பின்பாதி சதுரப் பெட்டி. கூரை திடீரென்று படி ஏறுகிற இடத்தைப் பார்த்தாலே ஒட்டு தெரியும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 1.8 லிட்டர் டீசல் எஞ்சினை விவசாயிகளால் கொல்ல முடியவில்லை. 11 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்கு மாற்றாக பெர்லிங்கோ 1996-ல் வந்துவிட்டது. அதன் பிறகும் 2005 வரை சி15-ஐ நிறுத்த முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பெர்லிங்கோவும் அதன் உடன்பிறப்பு பெஷோ பார்ட்னரும் செய்த புதுமை என்னவென்றால், ஒட்டுப்போடுவதை விட்டதுதான். காரில் பெட்டியை மாட்டாமல், முன் கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை ஒரே உடம்பாக வரைந்தார்கள். வேனில் 3 கன மீட்டர் இடம், ரகத்தைப் பொறுத்து 600 அல்லது 800 கிலோ பாரம். முதல் நாளிலிருந்தே அதே உடம்பில் குடும்ப ரகமும் மனதில் இருந்தது. அதற்கு 'மல்ட்டிஸ்பேஸ்' என்று பெயர். கூரை முழுக்க மின்சாரத்தில் சுருண்டு திறக்கும் துணி வைத்தும் வாங்கலாம். பிறகு விமானத்தில் இருப்பது போலத் தலைக்கு மேல் சாமான் அறைகளும் கண்ணாடித் துண்டுகளும் கொண்ட கூரை வந்தது. 1997-லேயே ரெனோ தன் காங்கூவைக் காட்டியது. 2000-ல் ஃபியட் டோப்லோ துருக்கியின் புர்சாவிலிருந்து வந்தது. ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் என்று ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்தார்கள்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1977-ல் மாத்ரா கம்பெனி சிம்கா 1100 பிக்கப்பின் அடித்தளத்தில் ரான்ச்சோ என்று ஒரு வண்டி செய்தது. காட்டுக்குப் போகிற ஜீப் மாதிரி தோற்றம், ஆனால் இழுப்பது முன்சக்கரம் மட்டும். சேற்றில் விட்டால் அங்கேயே நிற்கும். ஊர் சிரித்தது. ஆனால் சரக்கு வண்டியின் எலும்பில் ஓய்வுக்கான உடம்பைப் போர்த்தலாம் என்று அந்த வண்டி அப்போதே காட்டிவிட்டது. இப்போது தெருவில் ஓடுவதில் பாதி அந்த வகைதான்.

சரி, குடும்ப வண்டியாக இது ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? சரக்குக்காக அளவெடுத்ததால்தான் என்பது என் கட்சி. ஐரோப்பாவில் சரக்கு அடுக்கும் யூரோ பேலட் 1200-க்கு 800 மில்லிமீட்டர். வேன் விற்க வேண்டுமென்றால் பின்சக்கர வளைவுகளுக்கு நடுவே அது நுழைய வேண்டும், தரை தாழ்வாக இருக்க வேண்டும், கதவு அகலமாக, சுவர் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். இத்தனையும் பேலட்டுக்காகச் செய்தது. பலன் பிள்ளைகளுக்கு. 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை பெர்லிங்கோவில் பின்வரிசையில் மூன்று தனித்தனி இருக்கை, மூன்றிலும் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையம். 4.4 மீட்டர் நீள வண்டியில் 775 லிட்டர் டிக்கி. குடும்பத்துக்கென்றே வரைந்த கார்களில் இந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது, அங்கே கூரை பின்னால் சரிந்து அழகு காட்டிக்கொண்டிருக்கும். சறுக்குக் கதவு வேறு. நெருக்கடியான பார்க்கிங்கில் பக்கத்து வண்டியில் இடிக்காமல் பிள்ளையை இறக்கிப் பார்த்தவன் சாதாரணக் கதவுக்குத் திரும்ப மாட்டான்.

ஆனால் ரவி, இந்த வண்டியின் தலையெழுத்தை எழுதியது எஞ்சினியர் மட்டும் இல்லை. வரிக் கணக்கு பார்க்கிறவரும் கூட உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஓட்டுநருக்குப் பின்னால் கண்ணாடியா, தகடா? கேள்வி இவ்வளவுதான். பிரிட்டனில் 1973-ல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வருவதற்கு முன்பு 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. காருக்கு உண்டு, வேனுக்கு இல்லை. அதனால் சாதாரண ஜனங்கள் வேனை வாங்கி ஓட்டினார்கள். பின்னால் ஜன்னல் வெட்டிவிட்டால் வரி வந்து நிற்கும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். அங்கே 1964 முதல் இறக்குமதி சரக்கு வண்டிக்கு 25 சதவீதச் சுங்கம் இருந்தது, இது நடந்த காலத்தில் பயணிகள் வண்டிக்கு 2.5 சதவீதம்தான். ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் வேனைத் துருக்கியில் செய்து 2009 முதல் அங்கே அனுப்பியது. கப்பலில் வரும்போது எல்லாவற்றுக்கும் பின் ஜன்னலும் பின் இருக்கையும் இருக்கும், ஆகவே பயணிகள் வண்டி. பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் முடிந்ததும் இருக்கையைக் கழற்றி எறிந்து, கண்ணாடியை எடுத்துத் தகட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். வேன் தயார்! அந்த இருக்கைகளுக்குத் தலை சாய்க்கும் பகுதிகூடக் கிடையாது, யாரும் உட்காரப் போவதில்லையே. சுங்கத்துறை 2013-ல் இதைச் செல்லாது என்றது. வழக்கு மேலே மேலே போய் ஃபோர்டு தோற்று, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

இங்கேயும் அதே ஜன்னல் கணக்கு வேறு வேஷத்தில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கார்களின் கரியமில வாயுவுக்கு 2020-க்கு வைத்த சராசரி இலக்கு கிலோமீட்டருக்கு 95 கிராம், வேன்களுக்கு 147 கிராம். உயரமான சதுர முகத்தோடு காற்றைக் கிழித்துப் போகிற வண்டி, கார் என்று பதிவானால் கம்பெனியின் சராசரியைக் கெடுக்கும். அதே வண்டி வேன் என்று பதிவானால் வேறு கணக்கில் போய்விடும். அதனால் 2022 ஜனவரியில், சித்ரோயன், பெஷோ, ஓப்பல் எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பெனியான ஸ்டெல்லாண்டிஸ், பெர்லிங்கோவிலும் அதன் உடன்பிறப்புகளான பெஷோ ரிஃப்டர், ஓப்பல் காம்போவிலும் குடும்ப ரகத்தை மின்சாரத்தில் மட்டும் என்று ஆக்கியது. வேனில் டீசல் தொடர்ந்தது. 50 கிலோவாட்-மணி பேட்டரி, ஏட்டுக் கணக்குக்கு ஒரு சார்ஜில் சுமார் 280 கிலோமீட்டர். நகரத்துக்குள் ஓட்ட அருமையான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோடை விடுமுறையில் கூரை வரை சாமானை அடைத்து நெடுஞ்சாலையில் தெற்கே போகிற குடும்பம்தானே இதை வாங்கும்? அவர்களுக்கு அது எடுபடவில்லை. 2024-ல் டீசல் குடும்ப ரகம் திரும்பி வந்துவிட்டது. (மின்சாரம் புதிது என்று நினைத்துவிடாதே. 1990-களின் கடைசியிலேயே நிக்கல்-காட்மியம் பேட்டரி போட்ட பெர்லிங்கோ இருந்தது.)

இப்போது உன் கேள்வி. குடும்ப ரகத்தை வாங்கு. இரண்டு இருக்கை வேனை வாங்கினால் வாட் திரும்பக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நீ மைக்ரோ தொழில்முனைவோராகப் பதிந்து வாட் வசூலிக்காமல் இருந்தால் ஒரு சென்டும் திரும்பாது. வேனை வாங்கிப் பிறகு ஜன்னலும் இருக்கையும் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். கார்த் கிரீஸில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், அது 'CTTE' என்று சரக்கு வகையில் இருக்கும். இருக்கை கூட்டினால் வண்டிக்கு மறுபடி அங்கீகாரம் வாங்க வேண்டும், அந்த அலைச்சலுக்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். போதாததற்குச் சரக்கு வகைக்கு இரண்டு தொழில்நுட்பப் பரிசோதனைகளுக்கு நடுவே புகைச் சோதனை தனியாக உண்டு. உள்ளே வெறும் தகடு என்பதால் நெடுஞ்சாலையில் மழை பெய்தால் மாலதி சொல்வது உனக்குக் கேட்காது. அது வசதி என்று சொல்லாதே.

இரண்டாம் தலைமுறை குடும்ப ரகத்தில், அதாவது 2008-க்கு அப்புறம் வந்ததில், பின் இருக்கை மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி எடுக்கலாம். ஞாயிறு இரவு கழற்றி கராஜில் வை, வெள்ளி மாலை மாட்டு. மூன்றாம் தலைமுறையில் கழற்ற வேண்டாம், மடங்கித் தரையோடு படுத்துவிடும். முன் பயணி இருக்கையையும் மடக்கினால் சுமார் 2.7 மீட்டர் நீளம் கிடைக்கும். உன் ஏணி உள்ளேயே போய்விடும். எதை வாங்கினாலும் தொழிலுக்கும் ஓட்டுகிறேன் என்று காப்பீட்டில் எழுதி வாங்கிக்கொள்.

பணம் இடித்து, முதல் தலைமுறையில், நாங்கள் எம்59 என்று சொல்லும் 2002-க்குப் பிந்தைய வண்டியில் கை வைத்தால், பின் அச்சைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. அதில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பிகள், தரைக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும். உள்ளே இடத்தை அடைக்காமல் இருப்பதற்காகச் செய்த புத்திசாலித்தனமான வேலை. ஆனால் சக்கரக் கைகள் ஆடுகிற இடத்தில் இருக்கும் ஊசி பேரிங்கில் வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் துருப்பிடித்துத் தேயும், பிறகு அச்சின் குழாயையும் சேர்த்துத் தின்னும். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல். பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் பார். மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் கதை முடிந்தது. டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பார், அங்கே மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். பின் பம்பரை இரண்டு கையாலும் அழுத்தி விடு, முனகல் கேட்டால் அதுவும் அதே நோய்தான். புதுப்பித்த அச்சு முழுதாகப் போட வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல், இல்லையென்றால் நடையைக் கட்டு.

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். விற்பவரிடம் நாம் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு. டீசல் எஞ்சினைக் குளிரில் எழுப்பித்தான் பார்க்க வேண்டும்.

மாலதியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்