ஹெட்போன மாட்டிக் கேட்ட பொண்ணுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆடி மாசத்துல இருந்து காதுக்குள்ள ஓயாம கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டு, தூக்கமில்லாம நான் இருந்த இருப்பு உங்களுக்கே தெரியும், அத மறுபடி எழுதல. நேத்து ராத்திரி முழுசா ஆறு மணி நேரம் தூங்கி எந்திரிச்சேன், அந்த சூட்டோட எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நான் படுத்தப்ப தறிய ஓட்டுன பங்காளி, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் போட்டாலும் எடுத்த மச்சான், ஒவ்வொரு தடவையும் ஈரோட்டுக்கு வண்டில கூட்டிட்டுப் போன பக்கத்து வீட்டு தம்பி, கட்டி கிட்டி ஒண்ணுமில்லன்னு பொறுமையா சொன்ன டாக்டர், எல்லாருக்கும் சேத்து ஒரே கும்பிடா போட்டுக்கறேன். காதுல பூண்டு எண்ணெய் ஊத்தச் சொன்னவங்களுக்கும் நன்றிதான், ஆனா இனி யாருக்கும் சொல்லிராதீங்க.

இந்த மடல் ஒரு பொண்ணுக்குங்க. பேரு கூட கேக்கல. காது டெஸ்ட் எடுக்கற எடத்துல படிச்சுட்டே வேலை பழகற பொண்ணு, என் மக வயசு. காது எவ்வளவு கேக்குதுன்னு போட்ட கிராஃப காட்டுச்சு, கோடு பரவால்லாம வந்துட்டு 4000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சு சத்தத்துல கெணத்துல எறங்குன மாதிரி எறங்குது. "தறி வேலைங்களாண்ணா"ன்னு அதுவே கேட்டுச்சு. உள்காதுல முடி மாதிரி இருக்கற செல்லு சத்தத்துல செத்தா திரும்ப மொளைக்காதாம், அங்கிருந்து சேதி வராததால மூளை தானா வால்யூம ஏத்தி வச்சுக்குதாம், அதுதான் எனக்குக் கேக்கற சத்தமாம்.

அப்புறம் மெசின்ல ஒவ்வொரு சத்தமா வச்சு, இதுங்களா, இன்னும் கீச்சுன்னு இருக்குங்களான்னு கேட்டு கேட்டு 6000 ஹெர்ட்ஸ்ல வந்து நின்னுச்சு. "அதேதான் கண்ணு"ன்னேன், தொண்டை அடைச்சுருச்சு. அதோட எழுதிக் குடுத்து அனுப்பியிருக்கலாம். அந்தப் பொண்ணு ஹெட்போன வாங்கி தன் காதுல மாட்டிட்டு கண்ண மூடி கேட்டுச்சுங்க. ஒரு நிமிசம் இருக்கும். அப்புறம் வெளிய பெஞ்சுல இருந்த என் வீட்டுக்காரம்மாவ கூப்பிட்டு, "அக்கா, அண்ணனுக்கு கேக்கறது இதுதாங்க"ன்னு மாட்டி விட்டுச்சு.

அதுவரைக்கும் "அதையே நெனைக்காதீங்க, சரியாப் போயிரும்"னு சொல்லிட்டு இருந்தவ. பத்து செகண்டு தாங்கல, "ஆஃப் பண்ணு கண்ணு"ன்னா. சொல்லிட்டு என்னையப் பாத்தா. வர்ற வழியெல்லாம் ஒண்ணும் பேசல.

அன்னைக்கு ராத்திரி பரண்ல கெடந்த டேபிள் ஃபேன அவளே எறக்கி, சுவத்தப் பாத்து திருப்பி ஓட விட்டா. சுத்தமா அமைதியா படுக்காதீங்க, காதுச் சத்தத்த விட கொஞ்சம் கம்மியா வேற ஏதாச்சும் ஓடட்டும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லி விட்டிருந்துச்சு. இந்த மார்கழிக் குளிர்ல போர்வைய இழுத்துப் போத்திட்டு ஃபேன் போட்டுத் தூங்கற குடும்பம் பள்ளிபாளையத்துலயே எங்களுதாத்தான் இருக்கும்.

சத்தம் நின்னுருச்சான்னு கேக்கறீங்க. நிக்கல, நாந்தான் முந்தி மாதிரி அதையே காவல் காக்கறதில்ல. தறி ஓடறப்ப தெரியாது, பவர் ஷட்டவுன் அன்னைக்கு ஊரே அடங்குனா வந்துரும். 24 வருசமா வேஸ்ட் பஞ்ச காதுல அடைச்சுட்டு நின்னேன், அது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு இப்பத்தான் தெரியுது. போன்ல சத்தம் அளக்கற ஆப் போட்டுப் பாத்தா பட்டறைக்குள்ள 98 டெசிபல் காட்டுது. பட்டறைல இருக்கற ஆறு பேருக்கும் சத்தம் உள்ள போகாம காதுக்கு மாட்டற மஃப் வாங்கிப் போட்டுட்டேன், மொத நாளு சிரிச்சானுக. மாட்டாதவன் தறி ஓடாதுன்னு சொல்லிட்டேன்.

கண்ணு, இது உன் கண்ணுல பட்டா ஒரு எட்டு வந்துட்டுப் போ. எங்க தறில ஓட்டுன துண்டு ஒண்ணு உனக்குன்னு மடிச்சு வச்சிருக்கா அக்கா.